சாவடிக் கல்லைத் தொட்டுக் கும்பிட்ட ஆபீசர்

காக்கியைக் கண்டால் மயில்சாமிக்கு இன்றைக்கும் கால் தானாக ஓடப் பார்க்கும். சேலம் கடைவீதியில் ஜேப்படி அடித்துப் பிழைத்த காலத்துப் பழக்கம் அது. அப்போது அவனைப் பிடித்து உள்ளே தள்ளிய சப்-இன்ஸ்பெக்டர் அருணகிரி, பிறகு உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கினார். தொடங்கியதும் முதல் வேலையாக அவனையே தேடிப் பிடித்து, "ஓடறவன் புத்தி ஓடினவனுக்குத்தான் தெரியும், கூட வாடா" என்று கையாளாக வைத்துக்கொண்டார்.

அப்படி ஓடிப் பழகிய மயில்சாமிக்குச் செம்மேட்டுப்பட்டி ஜனங்களைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஓட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே! ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

நடந்தது இதுதான். எருமப்பட்டிக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் மாரியம்மன் நோன்பு. விடிந்தால் தீமிதி. முந்தின நாள் சாயங்காலம், காக்கிக் கோட்டும் தொப்பியும் பூட்ஸுமாக ஒரு மனிதன் வந்து, "நான் பிளேக் ஆபீசர்" என்றான். சின்னராஜ் என்கிற இளம் பண்ணையக்காரனின் இமையைத் தூக்கிப் பார்த்தான், அக்குளை அமுக்கிப் பார்த்தான். "பிளேக்! இவனைத் தானிய அறையில் போட்டுப் பூட்டுங்கள். நான் திரும்பி வந்து சொல்லாமல் எவனும் திறக்கக் கூடாது. தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, பாத்திரத்தோடு நோய் வெளியே வந்துவிடும்" என்றான். சின்னராஜின் மனைவி வசந்தாமணியே பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபீசர் போனார். போனவர் போனவர்தான்.

தானிய அறைக்கு ஜன்னல் கிடையாது. பங்குனி வெயில். சின்னராஜ் உள்ளே கத்தினான், அப்புறம் முனகினான், அப்புறம் சத்தமே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் மணியக்காரர் ஆள் அனுப்பி நிஜமான சுகாதார அதிகாரிகளை வரவழைத்தார். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, பிளேக்கும் இல்லை, அப்படி ஓர் ஆபீசரும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

வசந்தாமணி நேரே போலீசுக்குப் போனாள். தன் புருஷனின் அண்ணன் வெங்கடாசலம்தான் ஆள் வைத்துக் கொன்றுவிட்டார் என்று பிராது கொடுத்தாள். காரணமும் சொன்னாள். முதல் ஆளாகக் குண்டத்தில் இறங்கித் தீ மிதிப்பது அந்தக் குடும்பத்து உரிமை. இத்தனை வருஷம் அண்ணன் இறங்கினார். தம்பிக்குக் கல்யாணமானதும் அந்த மரியாதை தம்பிக்குப் போக வேண்டும். தம்பி அறைக்குள் கிடந்ததால் இந்த வருஷமும் அண்ணனே இறங்கினார். போதாதா? எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே வெங்கடாசலத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது போதாதென்று வசந்தாமணி அருணகிரியிடமும் வந்திருந்தாள். "அந்த ஆபீசரைப் புடிச்சுக் குடுங்க. அவன் வாயாலயே எங்க மச்சாண்டார் பேரு வரோணும். அவரு தூக்குல தொங்கறதை நான் பாக்கோணும்" என்றாள். அழவில்லை.

"மச்சாண்டார்தான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா?" என்று அருணகிரி கேட்டார்.

"இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாருங்களே!"

மயில்சாமி அருணகிரியின் காதில், "இன்ஸ்பெக்டருக்கு இந்தம்மா சொல்லிச்சு, இந்தம்மாளுக்கு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஏறிச் சவாரி போறாங்க அய்யா" என்றான்.

மறுநாள் உச்சி வெயிலில் இரண்டு பேரும் செம்மேட்டுப்பட்டிச் சாவடி முன்னால் நின்றார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் மருதாசலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். அருணகிரியிடம் இப்போது காக்கி இல்லை, கசங்கிய ஜிப்பாதான். அதனால் மருதாசலம் குனிந்த குனிவும் பாதியிலேயே நின்றது.

"ஏனுங்க, போன வருஷம் உங்க ஊர்ல எலி செத்து விழுந்து பிளேக் வந்துச்சாமே. அப்ப வந்த ஆபீசருங்க என்ன பண்ணுனாங்க?" என்று அருணகிரி கேட்டார்.

"ஊட்டையெல்லாம் காலி பண்ணச் சொன்னாங்க. ஓட்டைப் பிரிச்சு உள்ள வெயில் உளுக வெச்சாங்க. நாங்க அத்தனை பேரும் காட்டுல கொட்டாய் போட்டுட்டு இருந்தமுங்க."

"ஆளுங்க வெளியே, வெயில் உள்ளே."

"ஆமாங்க."

"இந்த வருஷம் ஆளு உள்ளே, வெயில் வெளியே. எல்லாம் தலைகீழா இருக்கே. உங்கள்ல ஒருத்தராச்சும் என்னன்னு கேட்டீங்களா?"

மருதாசலம் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினார். "நெனச்சமுங்க. எல்லாருமே நெனச்சம். ஆனா கேக்கோணும்னா ஒருத்தரு மொதல்ல கேக்கோணுமில்லீங்களா?"

"ஆட்டு மந்தையிலகூட ஒண்ணு ரெண்டு வெலகி அக்கட்டால ஓடுமுங்களே" என்றான் மயில்சாமி. மருதாசலத்தின் முகம் சுண்டியது. அருணகிரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு அங்கம்மாள் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கேட்காமலே பேசுகிற ரகம்.

"நாங்க என்ன கல்லு மனசுக்காரங்களாங்க? கதவுக்குக் காவல் நின்ன ஆளுங்க அத்தனை பேரும் அழுதுட்டுத்தானுங்க நின்னாங்க. வசந்தாமணி சொம்புல தண்ணிய வெச்சுட்டுக் கதவு முன்னாலயே ஒக்காந்துட்டு இருந்தா. குடுக்கவும் முடியாம, எந்திரிச்சுப் போகவும் முடியாம. நான் பாத்தேன், அந்தத் தண்ணி வெயில்ல சூடாயிப்போச்சு."

"அவர் உள்ளேயிருந்து என்ன சொன்னாரு?"

"ஜன்னியில என்னென்னமோ பெனாத்துனாருங்க. 'எல்லாம் நாடகம், தொறடி'ன்னாரு. ஆபீசரு முன்னாலயே சொல்லியிருந்தாருங்களே, ஜன்னி கண்டா எல்லாம் பொய்யின்னு சொல்லுவான், கெஞ்சுவான், நம்பிப்போடாதீங்கன்னு. அவரு சொன்னபடியே நடந்துச்சுங்க. அப்பறம் எப்படிங்க நம்பாம இருக்கறது?"

மயில்சாமிக்கு அங்கிருந்து போய்விடலாம் போல இருந்தது.

அருணகிரி மட்டும் விடவில்லை. "அந்த ஆபீசர் எங்கே நின்னு பேசுனாரு?"

"இந்தச் சாவடிக் கல்லு மேலதானுங்க" என்றார் மருதாசலம். அந்த ஞாபகத்தில் அவர் குரலில் மறுபடி மரியாதை வந்துவிட்டது, பாருங்கள்! "என்னதான் சொல்லுங்க, பக்தியான மனுசன். ஏறறதுக்கு முன்னால குனிஞ்சு கல்லைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அதுவும் பூட்ஸு காலோட. நம்மூருச் சாமி மேல அம்புட்டு பயம்."

அருணகிரியின் கை, பொடி டப்பியைத் தேடிப் பாதி வழியில் நின்றது. "பேசினப்போ யாரைப் பாத்துப் பேசுனாரு?"

"யாரையும் பாக்கலீங்க. எங்க தலைக்கு மேல பாத்துத்தான் பேசுனாரு. பெரிய உத்தியோகஸ்தரு, எங்க மூஞ்சியெல்லாம் பாப்பாருங்களா? ஆனா குரலு! அந்தக் கோடியில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்த ஆளுக்கும் கணீர்னு கேட்டுச்சுங்க."

"போதும்" என்றார் அருணகிரி. "மயிலு, கிளம்பு. வசந்தாமணியையும் கூட்டிக்கோ. ஆளைப் பாத்து அடையாளம் சொல்ல அவ வேணும்."

யுத்த காலமாயிற்றே, பெட்ரோல் ஏது? பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்தான். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். முன் ஸீட்டில் வசந்தாமணி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்த இருவரும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்கள்.

"மேலே ஏறறதுக்கு முன்னால தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவன் யாருடா?"

மயில்சாமி யோசித்தான். சட்டென்று தொடையில் தட்டினான். "நாடகக்காரன்! மேடைப் பலகையைத் தொடாம எந்த ஆக்டரும் ஏற மாட்டான். அட, ஆமாங்க! கொட்டகையில கடைசியில ஒக்காந்திருக்கற அரையணா டிக்கெட்டுக்காரனைப் பாத்துத்தான் வசனம் பேசுவான். அதானுங்க தலைக்கு மேல பாத்திருக்கான்!"

"நோன்பு சமயத்துல எருமப்பட்டியில ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்துச்சு. இப்ப ராசிபுரத்துல இருக்கு."

"ஊரே முழிச்சுட்டுப் பாத்திருக்குது, ஒருத்தனுக்கும் தோணலியே அய்யா!"

"தோணாம இல்லைடா. தொப்பி என்ன சொல்லுதுன்னு பாத்தாங்க, தலை யாரோடதுன்னு பாக்கலை. சந்தையில ஒரு காக்கிச் சட்டை 'இங்கேயே நில்லு'ன்னு சொல்லிட்டுப் போனா, பொழுது சாயற வரைக்கும் நிக்கிறவனை நான் பாத்திருக்கேன்."

"நான் நின்னதில்லீங்க."

"அதனாலதான்டா நீ எனக்கு வேணும்."

வெளியே சொல்லவில்லையே தவிர, மயில்சாமிக்கு அதைக் கேட்டுப் பெருமையாகத்தான் இருந்தது.

ராசிபுரத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் நாடகக்காரர்கள் பகல் தூக்கத்தில் கிடந்தார்கள். வசந்தாமணியை வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கம்பெனி முதலாளி சின்னுசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"உங்க கம்பெனியில நல்ல குரல் யாருக்குங்க?" என்று அருணகிரி கேட்டார்.

"கந்தவேலுக்குத்தான் இருந்துச்சு. ராஜபார்ட். சிங்கம் மாதிரி நிப்பான். இப்ப முன்பல்லு அத்தனையும் போயி வசனத்துக்குப் பதிலா காத்துதான் வருது. எவன்கிட்டயோ அடி வாங்கிட்டு வந்திருக்கான். பூதம் வேஷம் குடுத்திருக்கேன், அதுக்கு வசனம் இல்லை பாருங்க." அவரே சொல்லி அவரே சிரித்தார்.

பல்லில்லாத ஆபீசரா? மயில்சாமிக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. செம்மேட்டுப்பட்டிக்காரர்கள் ஆபீசரின் குரலைப் பற்றி அத்தனை சொன்னார்களே, ஒருவர்கூடப் பல்லைப் பற்றிச் சொல்லவில்லையே.

எழுதின படுதாவுக்குப் பின்னால் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கந்தவேல். நல்ல உயரம், எடுப்பான மூக்கு. அதற்குக் கீழே வாய் மட்டும் கிழவன் வாய் போல உள்ளே போயிருந்தது.

அருணகிரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "செம்மேட்டுப்பட்டி."

அவன் மறுக்கவில்லை, ஓடவுமில்லை. "எப்ப வருவீங்கன்னுதானுங்க பாத்துட்டு இருந்தேன்" என்றான்.

"உன்னை அனுப்புனது யாரு?"

"அந்த அய்யாதானுங்க."

"எந்த அய்யா? வெங்கடாசலமா?"

கந்தவேல் இல்லையென்று தலையை ஆட்டினான். "செத்துப்போனாரே, அவருதானுங்க. சின்னராஜ் அய்யாவேதான்."

மயில்சாமி, "என்னடா உளர்றே!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான். அருணகிரி அவன் கையை எடுத்துவிட்டார்.

"நெசமுங்க. எருமப்பட்டிக் கொட்டகைக்கு நாடகம் பாக்க வந்தாரு. முடிஞ்சதும் என்னைத் தனியாக் கூப்புட்டாரு. 'கல்யாணமான மொத வருசம், நான்தான் மொத ஆளாக் குண்டம் எறங்கோணும். எனக்கு நெருப்புன்னாலே ஒதறலெடுக்குது. மாட்டேன்னா ஊரு சிரிக்கும், பொண்டாட்டி சிரிப்பா. ஒரே ஒரு ராத்திரி என்னைப் பூட்டி வெச்சிரு. தீமிதி முடிஞ்சதும் காலையில வந்து, பிளேக் இல்லைன்னு சொல்லித் தொறந்து உட்டுரு'ன்னு கெஞ்சுனாருங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. கம்பெனி டிரஸ்ஸை முதலாளிக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன்."

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு அவரா சொல்லச் சொன்னாரு?"

கந்தவேல் வாயைக் கையால் மூடிக்கொண்டான். "இல்லீங்க. அது நானாச் சேத்துனதுங்க. கல்லு மேல ஏறி நின்னனா, அத்தனை ஜனம், ஒரு இருமல் சத்தமில்லை. எந்தக் கொட்டகையிலயும் அப்படி என்னை ஒருத்தரும் கேட்டதில்லீங்க. வசனம் தானா வந்துச்சு. தண்ணி குடுக்காதீங்கன்னேன். சரிங்க சாமின்னாங்க. ஜன்னியில பொய் சொல்லுவான்னேன். சரிங்க சாமின்னாங்க. என்ன சொன்னாலும் சரிங்கன்னாங்க. எனக்கு நிறுத்தத் தெரியலீங்க."

"காலையில ஏன் போகலை?"

"போனனுங்க! டிரஸ் காணோம்னு முதலாளி உதைச்சுப் புடுங்கிக்கிட்டாரு. அதனால இந்த வேட்டியோட போனேன். 'நான் ஆபீசரில்லை, ஆக்டரு, அவரே சொல்லித்தான் வந்தேன், தொறந்து உடுங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டேன். உள்ள இருந்து அவரும் 'ஆமா, ஆமா'ன்னு கத்துனாரு. ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. கிறுக்கன்னு அடிச்சாங்க. 'தொறக்க வேண்டாம் தாயி, அந்தத் தண்ணியை மட்டுமாச்சும் குடு'ன்னு கதவு முன்னால ஒக்காந்திருந்த பொம்பளை காலைப் புடிச்சேன். அந்தப் பொம்பளை, 'ஆபீசரு போட்ட உத்தரவு, நீ யார்றா?'ன்னு கையில இருந்த சொம்பாலயே என் வாயில..."

படுதா விலகியது. வசந்தாமணி நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"பொய்யி!" என்று கத்தினாள். "இவனை எனக்குத் தெரியுமுங்க! அடுத்த நாளு வந்த கிறுக்கன் இவன். ஆபீசரு இவனில்லை. மச்சாண்டாரு காசு குடுத்து இவனை இப்படிப் பேசச் சொல்லியிருக்காரு!"

"வசந்தாமணி," என்றார் அருணகிரி பொறுமையாக, "உன் மச்சாண்டார் மேல தப்பில்லை. பிராதை வாபஸ் வாங்கிக்கம்மா. அங்கே அடி தாங்காம, 'நான்தான்னு ஒத்துக்கட்டுங்களா'ன்னு அவரே கேக்க ஆரம்பிச்சுட்டாராம். நாளைக்கு ஒத்துக்கிட்டாருன்னா, அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது."

"முடியாதுங்க! இவன் ஆபீசரில்லை! ஆபீசரை நான் பாத்திருக்கேன்!"

அருணகிரி முதலாளியைப் பார்த்தார். "அந்த டிரஸ் எங்கே?"

பெட்டியைத் திறந்து எடுத்தார்கள். கந்தவேல் மாட்டேன் என்று தலையாட்டினான். "போடு" என்றார் அருணகிரி. கந்தவேல் காக்கிக் கோட்டை மாட்டினான், பூட்ஸுக்குள் காலை விட்டான், கடைசியில் தொப்பியை வைத்தான். பழக்கம் விடுமா? தொப்பி ஏறியதும் முதுகு நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது, கண்கள் எல்லோர் தலைக்கும் மேலே போய் நின்றன.

வசந்தாமணியின் கைகள் குவிந்தன. அவளுக்கே தெரியாமல் குவிந்தன. தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, "சாமி" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கூப்பிய கையைப் பார்த்தாள். அந்த வாயைப் பார்த்தாள். தன் கையால் உடைத்த வாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஏனுங்க சிரிக்கப்போறேன்?" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை, செத்தவனிடமாக இருக்கும். "நெருப்புன்னா பயம்னு சொல்லியிருந்தா நான் ஏனுங்க மாமா சிரிக்கப்போறேன்?" பிறகு அந்தக் காக்கிக் கோட்டைப் பார்த்துக் கதறினாள். "அன்னிக்கு இந்தத் தொப்பியை வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தா தொறந்திருப்பனே, பாவி! ஓடிப்போய்த் தொறந்திருப்பனே!"

மயில்சாமிக்கு, இப்படிக்கூட ஒரு பெண்ணைப் பிழிந்தெடுக்க வேண்டுமா என்று அருணகிரி மேல் ஆத்திரமாக வந்தது. அருணகிரி குனிந்து, "ஸ்டேஷனுக்கு வாம்மா, நடந்ததைச் சொல்லு. வெங்கடாசலம் உயிர் உன் கையிலதான் இருக்கு" என்றார். அவள் காதில் அது ஏறவேயில்லை. இரண்டாம் தரமும் சொன்னார். ஜிப்பா போட்ட மனிதரின் பேச்சு சுவரில் பட்ட மாதிரி விழுந்தது.

அவள் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் என்னங்க பண்ணட்டும், சாமி?" என்று அந்தத் தொப்பியிடம் கேட்டாள்.

அருணகிரி கந்தவேலின் பக்கத்தில் போய், "சொல்லு" என்றார்.

"அய்யா, வேண்டாமுங்க" என்றான் கந்தவேல்.

"அய்யா, நீங்களுமா?" என்றான் மயில்சாமி.

"அங்கே ஒருத்தன் தொங்கிட்டு இருக்கான்டா" என்றார் அருணகிரி. மயில்சாமியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "சொல்லுடா, கந்தவேல்."

கந்தவேல் மறுபடி மோவாயை உயர்த்தினான். பல் போன இடத்தில் காற்று சீறினாலும் அந்தக் குரல் இன்னும் அந்தக் குரல்தான். "ஸ்டேஷனுக்கு நட. உன் மச்சாண்டார் மேல் குற்றமில்லை என்று சொல். நடந்ததை நடந்தபடி சொல். உம், எழுந்திரு."

"சரிங்க சாமி" என்று வசந்தாமணி எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

கந்தவேல் அழுதுகொண்டே தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்கினான்.

"கழட்டாதே" என்றார் அருணகிரி. "அவளுக்கு முன்னால நட. ஸ்டேஷன் படி ஏறினதும் உன்னை உள்ளே போட்டுடுவாங்க, தெரியுமில்லை? அவ சொல்லி முடிக்கற வரைக்கும் அது உன் தலையிலதான் இருக்கணும்."

ராசிபுரம் வெயிலில் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து அவன் முன்னால் நடந்தான், அவள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். எதிரே வந்த வண்டிக்காரன் ஒருவன் அவசரமாக மாட்டை ஓரங்கட்டி வழிவிட்டான். ஓடிவிடலாம், சந்துக்குச் சந்து வழி இருந்தது. மயில்சாமி மனசுக்குள் ஓடு, ஓடு என்று சொல்லிக்கொண்டேதான் பின்னால் போனான். கந்தவேல் ஓடவில்லை, தொப்பியையும் கழற்றவில்லை.